நாற்காலியா, மேசையா, திரையா: எதை முதலில் மாற்றுவது?

கணினி முன் அமர்ந்து வேலை செய்பவருக்கு உடம்பில் எங்கே வலி தொடங்கினாலும் கவனம் முதலில் போவது நாற்காலியின் மேல்தான். கழுத்து வலித்தாலும் நாற்காலி, தோள் இறுகினாலும் நாற்காலி, விரல் மரத்துப்போனாலும் நாற்காலி. கையில் இருக்கும் பணம் முழுவதையும் போட்டு ஒன்றை வாங்கி, சில மாதங்களில் அதே கழுத்து வலியோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் வாங்கிய நாற்காலியில் பெரும்பாலும் குறை ஏதும் இருக்காது. கழுத்தை வளைத்தது வேறொரு பொருள். அது மேசையின் மேல் அப்படியே இருக்கிறது.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1713-இல் எழுத்தர்களைத் தாக்கும் நோய்களைப் பற்றி எழுதினார். அவர் கண்ட காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, கணக்கில் பிழை வந்துவிடக் கூடாதே என்று மனம் இறுகிக் கிடப்பது. இறகுப் பேனா போய் விசைப்பலகை வந்த பிறகும் அந்தப் பட்டியலில் திருத்த எதுவும் இல்லை. கண்ணை மட்டும் நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த நான்கில் உங்களை வாட்டுவது எது என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் எந்தப் பொருளையும் எந்தப் பொருளோடும் ஒப்பிட முடியும்.

என் வரிசையை இப்போதே சொல்லிவிடுகிறேன். மடிக்கணினியில் வேலை செய்பவர் என்றால், முதல் செலவு திரையையும் விசைப்பலகையையும் பிரிப்பதற்கு. அடுத்தது செலவே இல்லாத காரியம்: அடிக்கடி எழுந்து நடப்பது. நாற்காலி அதற்குப் பிறகு. உயரம் மாற்றக்கூடிய மேசை இன்னும் பின்னால். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்கு என் வரிசையில் இடமில்லை. இந்த வரிசை எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. எங்கே மாறும் என்பதையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

திரையைப் பிரிப்பது

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒரே கீலில் பூட்டப்பட்டவை. கை இளைப்பாறும் உயரத்தில் அதை வைத்தால் திரை கீழே போய்விடுகிறது, கழுத்து குனிகிறது. கண் மட்டத்துக்குத் திரையைத் தூக்கினால் விசைப்பலகையும் கூடவே மேலே வருகிறது, தோள் காதை நோக்கி ஏறுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த நாற்காலியில் அமர்ந்தாலும் இந்த முரண்பாடு தீராது. இதனால்தான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறேன்.

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ. அது நேராக இருக்கும்போது கழுத்தெலும்புகளே பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன. முன்னால் சாயச் சாயப் பின்கழுத்துத் தசைகள் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, தலை 60 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் விழும் விசை சுமார் 27 கிலோவுக்குச் சமம். இது மாதிரி ஒன்றை வைத்துப் போட்ட கணக்கு, உயிருள்ள கழுத்தில் அளந்தது அல்ல; எண்ணை அப்படியே மந்திரமாக்கிவிட வேண்டாம். ஆனால் அது காட்டும் திசையை, குனிந்தபடி ஒரு மணி நேரம் வேலை செய்துவிட்டுப் பின்கழுத்தைத் தொட்டுப் பார்க்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

பிரிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மடிக்கணினியைத் தாங்கியின் மேலோ கனமான புத்தகங்களின் மேலோ தூக்கிவைத்து, தனி விசைப்பலகையும் மவுஸும் இணைப்பது. மற்றொன்று, பெரிய தனித் திரை வாங்குவது. முதல் வழி மலிவானது, பையில் எடுத்துப் போகலாம், இன்றைக்கே செய்யலாம். அதன் குறையைப் பலர் கவனிப்பதில்லை. 13 அல்லது 14 அங்குலத் திரையைத் தூக்கி, ஒரு கை நீளத்துக்குத் தள்ளிவைத்ததும் எழுத்துகள் சிறுத்துவிடுகின்றன. உடனே முகம் முன்னால் நீள்கிறது, தாடை திரையை நோக்கிப் போகிறது. குனிந்த கழுத்தை நீட்டிய கழுத்தாக மாற்றியதைத் தவிர வேறு பலன் இல்லை. திரையைத் தூக்கிய அன்றே எழுத்தளவை 125 அல்லது 150 விழுக்காட்டுக்கு உயர்த்திவிடுவது அவசியம். அப்படிச் செய்த பிறகு திரையில் கொள்ளும் தகவல் குறைந்து எரிச்சல் வருகிறது என்றால், அப்போது தனித் திரை வாங்குவதற்கு நியாயம் இருக்கிறது. விரிதாள்களில் வேலை செய்பவர்களும், இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்களும் யோசிக்காமல் நேராகத் தனித் திரைக்கே போகலாம் என்பேன்.

தூரம் 50 முதல் 100 செ.மீ. வரை, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ இருக்கட்டும், திரையின் நடுப்பகுதி கண்ணின் கிடைக்கோட்டுக்குக் கீழே 15 முதல் 20 பாகையில் அமையட்டும். இந்த விதியை எல்லா இடங்களிலும் படிக்கலாம். எங்கும் அழுத்திச் சொல்லப்படாத விலக்கு ஒன்று இருக்கிறது. வெள்ளெழுத்து வந்து, மேலே தூரப் பார்வையும் கீழே கிட்டப் பார்வையுமாக அமைந்த கண்ணாடி அணிபவர், கண் மட்டத்துத் திரையைப் படிக்கத் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கிறார். நாள் முழுவதும் அண்ணாந்த கழுத்து குனிந்த கழுத்தைவிடக் கொடியது. இவர்களுக்குத் திரை நன்றாகத் தாழ்ந்து, சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து இருக்க வேண்டும். அல்லது திரைத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி செய்துகொள்ள வேண்டும். பின்னது சிறந்த வழி என்பது என் துணிபு.

இரண்டு திரைகள் வைத்திருப்பவர்கள், அதிகம் பார்ப்பதை மூக்குக்கு நேரே வையுங்கள். இரண்டையும் சமமாகப் பயன்படுத்தினால் இரண்டும் சேரும் இடம் நடுவில் வரட்டும். தனித் திரையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மடிக்கணினியையே நடுவில் வைத்திருப்பவர்கள் ஏராளம். பக்கவாட்டில் திரும்பிய கழுத்தோடு எட்டு மணி நேரம் கழிகிறது.

நிற்பதா, நடப்பதா

உயரம் மாற்றக்கூடிய மேசையை விற்பவர்கள் சொல்லும் வாதம், உட்காருவது கெடுதல், ஆகவே நில்லுங்கள் என்பது. முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதிக்கு அது தானாக இட்டுச் செல்லாது.

1953-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸும் அவருடைய குழுவினரும் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இந்தத் துறையின் தொடக்கப்புள்ளி. நாள் முழுவதும் அமர்ந்து ஓட்டும் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அந்த நடத்துநர்கள் வெறுமனே நின்றுகொண்டிருந்தவர்கள் அல்லர். மாடிப்படிகளில் ஓயாமல் ஏறி இறங்கியவர்கள். இந்த வேறுபாட்டை மேசை விளம்பரங்கள் விழுங்கிவிடுகின்றன.

நிற்பதால் மட்டும் கிடைப்பது என்ன என்று பார்ப்போம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான கணக்கு ஒன்றின்படி, நிற்பது உட்காருவதைவிட நிமிடத்துக்கு 0.15 கிலோ கலோரி மட்டுமே கூடுதலாகச் செலவழிக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு மணி நேரம் நின்றால் கூடுதலாகக் கரைவது 54 கிலோ கலோரி. எடை குறைக்க நின்று வேலை செய்வது வீண் முயற்சி. இன்னொரு பக்கம், கனடாவின் ஒன்ராறியோவில் சுமார் 7,300 தொழிலாளர்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலும் நின்றே செய்யும் வேலைகளில் இருந்தவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து செய்யும் வேலைகளில் இருந்தவர்களைவிட இதய நோய் ஏறத்தாழ இரு மடங்கு காணப்பட்டது. அவர்கள் கடைகளிலும் சமையற்கூடங்களிலும் விருப்பம்போல் உட்கார வாய்ப்பில்லாமல் நின்றவர்கள். அலுவலக மேசையில் அரை மணி நேரம் நிற்பதை அதோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டியதில்லை. இருந்தாலும் நாளெல்லாம் நிற்பது தீர்வாகாது என்பது தெளிவு. கால்களின் இரத்த நாளங்கள் புடைத்துச் சுருள்வதும் குதிகால் வலியும் நீண்ட நேரம் நிற்பவர்கள் அனுபவித்து அறிந்தவை.

நடப்பதன் கணக்கு வேறு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கீத் டயஸ் குழுவினர் 2023-இல் வெளியிட்ட சோதனையில், அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தவர்களுக்கு, நாள் முழுவதும் அமர்ந்திருந்த நாளோடு ஒப்பிட, உணவுக்குப் பிந்தைய இரத்தச் சர்க்கரை ஏற்றம் 58 விழுக்காடு குறைந்தது. இரத்த அழுத்தமும் 4 முதல் 5 புள்ளிகள் இறங்கியது. கலந்துகொண்டவர்கள் பதினொருவர்தான், சிறிய சோதனை. ஆயினும் மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நடந்தபோது சர்க்கரையில் பலன் தெரியவில்லை என்பதையும் அதே சோதனை காட்டியது. 'அவ்வப்போது எழுந்திருங்கள்' என்ற பொதுவான அறிவுரையைவிட இது பயன் மிக்க தகவல். நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் அமர்பவர்களைப் பற்றிய மற்றொரு பெரிய தொகுப்பாய்வு 2016-இல் வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவு அதில் இருந்தது. தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடலுழைப்பு உள்ளவர்களிடம், நீண்ட நேரம் அமர்வதோடு தொடர்புள்ள கூடுதல் இறப்பு அபாயம் மறைந்துவிடுவதாக அது கண்டது.

ஆக, மேசையா நடையா என்றால் நடைதான். மேசை வாங்கினால் உட்காரும் நேரம் குறைகிறது என்பது உண்மை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி, தொடக்க மாதங்களில் வேலை நாளொன்றுக்கு 100 நிமிடம் அளவில் குறைகிறது. அந்த 100 நிமிடமும் நிற்பதாகவே மாறினால் ஆதாயம் சிறிது.

அப்படியானால் அந்த மேசை யாருக்கு? உட்கார்ந்தால் கூடி, எழுந்தால் தணியும் இடுப்பு வலி உள்ளவருக்கு அது வரம். ஒரே மேசையை வெவ்வேறு உயரமுள்ள இருவர் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கும் பொருத்தம். குள்ளமானவர்களுக்கும் மிக உயரமானவர்களுக்கும் வேறு வழியே இல்லை என்றும் சொல்லலாம், ஏனென்றால் வழக்கமான மேசைகள் 72 முதல் 75 செ.மீ. உயரத்தில் வருகின்றன, பலருக்கு அது முழங்கை உயரத்தைவிட அதிகம். வாங்குவதென்றால் மின்மோட்டார் உள்ளதை வாங்குங்கள். கைப்பிடியைச் சுழற்றி உயர்த்தும் வகை, முதல் வாரத்துக்குப் பிறகு ஒரே உயரத்தில் நின்றுவிடுவதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். சாதாரண மேசையின் மேல் வைத்து உயர்த்தும் பெட்டி வகை இடத்தை அடைத்துக்கொள்ளும், தட்டச்சு செய்யும்போது ஆடும்.

எழுந்திருக்க நினைவூட்ட ஒர்க்ரேவ் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மெல்ல மணியடித்துவிட்டுப் போகும் வகை, திரையையே சிறிது நேரம் மூடிவிடும் வகை என இரண்டு உண்டு. மணியோசை மூன்றாம் நாளே காதில் விழாமல் போகும். மூடிவிடும் வகையே வேலை செய்கிறது, கோபம் வந்தாலும்.

நாற்காலி

இப்போது நாற்காலிக்கு வருவோம். புதியது வாங்குவதற்கு முன் இருப்பதைச் சரிசெய்து பாருங்கள். பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். உயர்ந்த மேசைக்காக நாற்காலியை ஏற்றியதில் கால் தொங்கினால், காலடியில் ஒரு பலகை வையுங்கள். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் அந்த விளிம்பு இரத்த ஓட்டத்தை அழுத்தும், அல்லது நீங்கள் முன்னால் நகர்ந்து முதுகுத் தாங்கலை இழப்பீர்கள். இடுப்பின் உள்வளைவில் தாங்கல் இல்லையென்றால் சுருட்டிய துண்டு ஒன்று போதும். கைப்பிடிகள் மேசை விளிம்பில் முட்டி உங்களைத் தள்ளியே நிறுத்துகின்றனவா? அவற்றைக் கழற்றிவிடுவதே நல்லது. இவ்வளவும் செய்த பிறகும் உயரமோ சாய்வோ மாறாத நாற்காலியாக இருந்தால்தான் புதிது தேவை.

புதிது வாங்கும்போது எதைப் பார்ப்பது என்பதில் 'நிமிர்ந்து உட்கார்' என்ற பழைய கண்டிப்பு நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது. 1960-களிலும் 70-களிலும் சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் நடத்திய அளவீடுகள், உட்காரும்போது முதுகுத்தண்டின் இடைத்தட்டில் (எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டில்) அழுத்தம் நிற்பதைவிடக் கூடுகிறது என்றன. 1999-இல் ஹான்ஸ் யோக்கிம் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் இடைத்தட்டில் உணர்கருவியைப் பொருத்தி 24 மணி நேரம் அளந்தார்கள். இயல்பாக நின்றபோது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு), சாய்மானமின்றி அமர்ந்தபோது 0.46; நாற்காலியில் தளர்ந்து சாய்ந்தபோது 0.27. ஒரே ஆளிடம் எடுத்த அளவு என்றாலும், சாய்ந்து அமர்வதைக் குற்றமாகப் பார்ப்பவர்களை யோசிக்க வைக்கும் எண் அது. 2006-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் 22 தன்னார்வலர்களை எம்.ஆர்.ஐ. கருவியில் அமர்த்திப் பார்த்தபோதும், 90 பாகையில் நிமிர்ந்திருந்ததைவிட 135 பாகை சாய்ந்தபோது இடைத்தட்டு குறைவாகவே நகர்ந்தது.

135 பாகையில் சாய்ந்துகொண்டு யாரும் தட்டச்சு செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். 100 முதல் 110 பாகை வரை சாய்ந்து, முதுகு முழுவதும் தாங்கலில் படிந்திருப்பது நடைமுறைக்கு ஏற்றது. கூட்டத்தைக் கேட்கும்போதும் படிக்கும்போதும் இன்னும் சாயலாம். ஆகவே நாற்காலியில் நான் முதலில் சோதிப்பது சாய்வு: எளிதாகச் சாய்ந்து, எளிதாகத் திரும்பி வருகிறதா, எடைக்கேற்ப இறுக்கத்தை மாற்ற முடிகிறதா? வலைத்துணியா பஞ்சா என்பது உங்கள் வியர்வையையும் விருப்பத்தையும் பொறுத்தது. விளையாட்டு நாற்காலி என்று விற்கப்படும் பந்தயக் கார் வடிவத்தை நான் தவிர்ப்பேன். அதன் பக்கச் சிறகுகள் அகன்ற தோள்களை முன்னால் தள்ளுகின்றன. பெரிய உடற்பயிற்சிப் பந்தின் மேல் அமர்ந்து வேலை செய்வது அதைவிடவும் வேண்டாதது. முதுகுத் தசைகள் ஓய்வில்லாமல் இயங்கிச் சோர்கின்றன, சாய இடமில்லை, உருண்டு விழும் அபாயமும் இருக்கிறது.

கை

மவுஸை மாற்றுவதற்கு முன் மரத்துப்போவது எந்த விரல் என்று கவனியுங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி என்றால் மணிக்கட்டு வழியாகச் செல்லும் நடுநரம்பு அழுத்தப்படுவதற்கான அடையாளம். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் பெரும்பாலும் முழங்கையைச் சுற்றிச் செல்லும் நரம்பு. மேசை விளிம்பிலோ நாற்காலியின் கடினமான கைப்பிடியிலோ முழங்கையை ஊன்றும் பழக்கத்தை முதலில் சந்தேகியுங்கள். இரண்டாவது வகைக்கு எந்த மவுஸ் வாங்கியும் பயனில்லை.

செங்குத்து மவுஸ் கையைக் கைகுலுக்கும் நிலையில் வைத்திருப்பதால் முன்கை முறுக்கிக்கொள்வது குறைகிறது. முன்கை வலி உள்ளவர்களுக்கு அது இதமாக இருக்கலாம். ஆனால் மணிக்கட்டில் நரம்பு அழுத்தம் உள்ள நோயாளிகளிடம் அளந்து 2015-இல் வெளியான ஆய்வில், செங்குத்து மவுஸ் மணிக்கட்டின் கோணத்தை மாற்றியதே தவிர உள்ளே இருந்த அழுத்தத்தைக் குறைக்கவில்லை. மேலே உள்ள பந்தை விரலால் உருட்டும் உருளைப்பந்து வகை மவுஸில் கையே நகர வேண்டாம், தோளுக்கு நல்ல ஓய்வு. கட்டைவிரலால் உருட்டும் வகையைவிட, பந்து நடுவில் அமைந்து இரண்டு மூன்று விரல்களால் உருட்டும் வகையைத் தேர்ந்தெடுங்கள்; வேலை முழுவதையும் கட்டைவிரல் ஒன்றின் மேல் சுமத்துவது புதிய வலிக்கு அழைப்பு.

இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றத்தைத் தருவது விசைப்பலகையின் அகலம். வலது ஓரத்தில் இருக்கும் எண் விசைத் தொகுதி மவுஸை வெளியே தள்ளிவிடுகிறது. வலது தோள் நாள் முழுவதும் விரிந்தே இருக்கிறது. கணக்கு வேலை செய்யாதவர்கள் எண் தொகுதி இல்லாத விசைப்பலகைக்கு மாறினால், விலை உயர்ந்த மவுஸால் கிடைக்காத நிம்மதி கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். விசைப்பலகைக்கு அடியில் பின்பக்கம் இருக்கும் குட்டிக் கால்களை மடக்கிவிடுங்கள். அவற்றை விரித்தால் விசைப்பலகை உங்களை நோக்கிச் சரிந்து, மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குகிறது. மணிக்கட்டுத் திண்டு தட்டச்சுக்கு இடையில் இளைப்பாற மட்டும். தட்டும்போது அதில் மணிக்கட்டை அழுத்தினால் அழுத்தம் நரம்பின் மேலேயே விழுகிறது.

இரண்டாகப் பிளந்த விசைப்பலகை நாள் முழுவதும் எழுதுபவர்களுக்கும் அகன்ற தோள் உள்ளவர்களுக்கும் பொருந்தும். பழகும் வரை வேகம் குறையும், அதைத் தாங்கும் பொறுமை வேண்டும்.

கண்

1993-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இருவர் அளந்து வெளியிட்ட எண்கள் எனக்கு மறக்க முடியாதவை: ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 22 முறை கண் இமைக்கிறது, புத்தகம் படிக்கும்போது 10, கணினித் திரையைப் பார்க்கும்போது 7. எரிச்சல், உறுத்தல், மாலையில் மங்கும் பார்வை ஆகியவற்றுக்கு முதன்மையான காரணம் இந்த வறட்சியும், ஒரே தூரத்தில் குவிந்தே நிற்பதால் உட்தசைகள் அடையும் களைப்பும்தான்.

நீல ஒளிக் கண்ணாடி இவற்றில் எதையும் தொடுவதில்லை. 17 சோதனைகளைத் தொகுத்து 2023-இல் வெளியான காக்ரேன் ஆய்வு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் இது குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியும் இதைப் பரிந்துரைப்பதில்லை. பகல் வெளிச்சத்திலிருந்து கண்ணுக்கு வரும் நீல ஒளியின் முன்னால் திரையிலிருந்து வருவது மிகச் சிறிது. அதே பணத்தில் கண் பரிசோதனை செய்து, திரை இருக்கும் தூரத்தை அளந்து சொல்லி, அந்தத் தூரத்துக்குப் பவர் போட்டுக்கொள்வது பல மடங்கு பயனுள்ளது. சிறிய சிதறல் பார்வைக் குறைகூட (கண்ணின் வளைவு சீராக இல்லாததால் வரும் மங்கல்) நாளெல்லாம் திரை பார்ப்பவருக்குத் தலைவலியாக வெளிப்படும்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி, அதாவது 6 மீட்டர் தூரத்தில் உள்ள ஒன்றை இருபது நொடி பார்ப்பது என்ற விதி நினைவில் நிற்க எளிது, செலவுமில்லை. கூடவே வேண்டுமென்றே சில முறை முழுமையாக இமைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக் காற்றும் குளிர்சாதனக் காற்றும் முகத்தில் நேரே அடிக்காதபடி இடத்தை மாற்றுங்கள். திரையைச் சற்றுத் தாழ்த்தினால் இமை கீழிறங்கி, காற்றுபடும் கண்பரப்பும் குறைகிறது. ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும்.

கருநிறப் பின்னணியா வெண்ணிறப் பின்னணியா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. வெளிச்சமான அறையில் நீண்ட வாசிப்புக்கு வெண்ணிறப் பின்னணியில் கருப்பு எழுத்தே தெளிவு. சிதறல் பார்வை உள்ளவர்களுக்குக் கருப்பின் மேல் வெள்ளை எழுத்து விளிம்பு கசிந்து தெரியலாம். இருட்டறையில் கருநிறம் இதம். எதுவானாலும், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்து, திரை அதைவிட விளக்குபோல் ஒளிர்ந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

பாதுகாப்பு

சில சிறிய காரியங்களை ஒப்பிட வேண்டியதே இல்லை, செய்துவிட வேண்டியதுதான். மடிக்கணினியை மெத்தை மேல் வைத்து இயக்கினால் காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடேறும். அடிப்பகுதி உப்பித் தொடுபலகையைத் தூக்கினால் பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் செய்வதை உடனே நிறுத்துங்கள், குத்தவோ அழுத்தவோ வேண்டாம். ஒரு நீட்டிப்புப் பலகையில் இன்னொரு நீட்டிப்புப் பலகையைச் சொருகாதீர்கள். நடக்கும் வழியில் கம்பி கிடக்கக் கூடாது. ஹெட்போனில் கேட்பதற்குப் பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. வேலை நேரம் முழுவதும் கூட்டங்களில் இருப்பவர்களின் 40 மணி நேரம் அலுவலகத்திலேயே தீர்ந்துவிடும்; இசைக்கு மிச்சம் இருக்காது.

உங்கள் வரிசை

மேசைக்கணினியில் வேலை செய்பவருக்குத் திரை ஏற்கெனவே பிரிந்தே இருக்கிறது. அவர் உயரத்தையும் தூரத்தையும் சரிசெய்துவிட்டு நேராக நாற்காலிக்குப் போகலாம். இடம் மாறி மாறி வேலை செய்பவருக்கு மடக்கும் தாங்கியும் சிறிய விசைப்பலகையும் மவுஸும் போதும். எங்கே போனாலும் அங்கே ஒரு நாற்காலி இருக்கும், அது எப்படிப்பட்டது என்பது உங்கள் கையில் இல்லை. நாற்பதைக் கடந்தவர் கண் பரிசோதனையை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டும். பவர் தவறாக இருக்கும்போது திரையை எங்கே வைத்தாலும் கழுத்து அதைத் தேடிப் போகும். ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பயன்பட்டது என்று தெரியாது.

பொருள் மாற்றிச் சரிசெய்யும் கட்டத்தைத் தாண்டிய வலிகளும் உண்டு. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் மரத்துப்போதல், பிடித்த பொருள் கைநழுவி விழுதல், கட்டைவிரலின் அடிச்சதை வற்றுதல் ஆகியவை தெரிந்தால் கடைக்குப் போவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள். நடுநரம்பை நீண்ட நாள் அழுத்தத்தில் விட்டுவைத்தால் இழந்த வலு முழுமையாகத் திரும்பாமல் போகலாம். இடுப்பு வலியோடு கால்களில் வலுக்குறைவோ, தொடைகளுக்கு இடையில் உணர்வின்மையோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவதோ சேர்ந்தால் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.